மாரடைப்பு வாரத்தில் எடுத்த தைராய்டு ரிப்போர்ட்

ஊட்டி, குன்னூர் பக்கம் மாரடைப்பு வந்தவர்களில் பலர் கோயம்புத்தூருக்கு இறங்கி ஸ்டென்ட் வைத்துக்கொண்டு மலையேறுகிறார்கள். கையிலிருக்கும் ஃபைலில் சிலருக்கு ஒரு தைராய்டு ரிப்போர்ட்டும் இருக்கும். அதில் 'டி3 குறைவு' என்று பார்த்ததும் வீடே கலங்கிவிடுகிறது. இதயத்தோடு தைராய்டும் போச்சா? பெரும்பாலும் இல்லை.

கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி பெரும்பகுதி சுரப்பது டி4 என்ற ஹார்மோன். அதில் நான்கு அயோடின் அணுக்கள். கல்லீரல் போன்ற உறுப்புகளில் ஒரு நொதி அதிலிருந்து ஓர் அணுவைக் கழற்றும்போதுதான் உண்மையில் வேலை செய்யும் டி3 கிடைக்கிறது. இதயத் தசை எவ்வளவு வேகமாகச் சுருங்கும், எவ்வளவு சீக்கிரம் தளரும் என்பதில் டி3-க்குப் பெரிய பங்கு உண்டு. மாரடைப்பு போன்ற பெரிய அடி விழுந்ததும் அந்த நொதி மந்தமாகிறது. டி4-இல் வேறு பக்கத்து அணு கழன்று உருவாகும், எதற்கும் உதவாத 'தலைகீழ் டி3' ரத்தத்தில் சேர்கிறது. சில நாட்களிலேயே டி3 இறங்கிவிடும். சுரப்பியில் கோளாறு இல்லாததால் அதை ஏவும் டிஎஸ்எச் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சரியான அளவிலோ சற்றுக் குறைவாகவோ நிற்கும். உடம்பு தேறும்போது அதே டிஎஸ்எச் கொஞ்ச நாள் உயரவும் செய்யும். அதைத் தைராய்டு குறைவு என்று நம்பி தைராய்டு மாத்திரை தொடங்கினால், தேவையில்லாத மாத்திரை ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளக்கூடும். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வது அதனால்தான்.

மலையில் எனக்குப் பெரிய கவலை வேறு. உண்மையான தைராய்டு குறைவு இங்கே எளிதில் மறைந்துவிடும். குளிர் தாங்காதது அதன் முக்கிய அறிகுறி. ஆனால் ஊட்டியில் ஸ்வெட்டரும் குல்லாவும் போடாதவர் யார்? சோர்வுக்கு அட்டாக்கைக் காரணம் சொல்கிறோம், வறண்ட தோலுக்குப் பனிக்காற்றை. தைராய்டு குறைந்தால் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பை இழுப்பதும் குறையும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் எல்டிஎல் இறங்கவில்லை, தசைவலி வேறு என்றால், குளிருக்கு அப்படித்தான் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் டிஎஸ்எச் பற்றிக் கேளுங்கள்.

இதயத் துடிப்பு தாறுமாறானவர்களுக்குக் கொடுக்கும் அமியோடரோனையும் சொல்லியாக வேண்டும். ஒரு 200 மில்லிகிராம் மாத்திரையில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ 150 மைக்ரோகிராம். கொஞ்சம்தான் விடுபடுகிறது என்றாலும் அதுவே பல மடங்கு. சிலருக்குச் சுரப்பி அடங்கிப்போகும், சிலருக்கு அளவுமீறிச் சுரக்கும். மருந்து கொழுப்பில் தங்குவதால், நிறுத்திப் பல மாதம் கழித்தும் இது வரலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

சரி, தைராய்டு குறைவு உறுதியாகிவிட்டது என்றால்? இதய நோயாளிக்கு தைராக்ஸினை, அதாவது டி4 மாத்திரையை, வழக்கமாக 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி மெல்லத்தான் கூட்டுவார்கள். ஒரேயடியாகக் கொடுத்தால் இதயத்தின் ஆக்சிஜன் தேவை எகிறும். வெறும் வயிற்றில், தண்ணீரோடு போட வேண்டும். கண் விழித்ததும் கொதிக்கக் கொதிக்க டீ குடிக்கிற ஊரில் கஷ்டம்தான், ஆனாலும் மாத்திரைக்கு அப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரமாவது டீ காத்திருக்கட்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி.