எச்.ஐ.வி. உள்ள தாயின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்: கட்டணமின்றிக் கிடைக்க வேண்டியவை

பிறந்து ஆறு வாரம் ஆனதும் குழந்தையின் குதிகாலில் மெல்லக் குத்தி, தடித்த அட்டையில் அச்சிட்ட சிறு வட்டங்களில் இரத்தச் சொட்டுகளை நிரப்புவார்கள். அட்டை காய்ந்ததும் எச்.ஐ.வி. பரிசோதனைக்காக ஆய்வகத்துக்குப் போகும். 'கிருமி இல்லை' என்று முடிவு வந்தால் தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது போல இருக்கும். ஆனால் அந்த நிம்மதியில் நம்பிக்கை மையத்துக்கு (எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அரசு மையம்) போவதையே விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. மற்றத் தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் சிரப் பாதியில் நின்றுவிடும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எச்.ஐ.வி. தொற்றாத குழந்தையாக இருந்தாலும், தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால் முதல் சில மாதங்களில் நிமோனியா, இரத்தத்தில் கிருமி பரவுதல், மூளைக்காய்ச்சல் ஆகியவற்றின் ஆபத்து மற்றக் குழந்தைகளைவிட அதிகம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போக வேண்டும். இந்தத் தாய்மார்களிடமிருந்து அது குறைவாகவே போகிறது. பயந்துபோய்த் தாய்ப்பாலை நிறுத்திவிட்டால் இன்னொரு கவசமும் போய்விடுகிறது. எச்.ஐ.வி. தொற்றியிருந்து சிகிச்சையும் கிடைக்காவிட்டால், இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளை இழந்துவிடுவோம்.

இதைத் தடுக்க அரசு தருவது என்ன? குழந்தை பிறந்தவுடன் நெவிரபின் சிரப் தொடங்குவார்கள். குறைந்தது 6 வாரம் கொடுக்க வேண்டும். தாயின் இரத்தத்தில் கிருமியின் அளவு அதிகமாக இருந்தால் இன்னொரு மருந்தும் சேரும். இவை எச்.ஐ.வி. தொற்றாமல் காப்பவை. ஆறாவது வாரத்தில் தொடங்கும் கோட்ரைமாக்சசோலின் வேலை வேறு. அது பலவகை பாக்டீரியாக்களையும், சிறு குழந்தைகளின் உயிரை வெகுவேகமாகப் பறிக்கும் ஒருவகை நிமோனியாவையும் தடுக்கிறது. தினமும் ஒரு வேளை. குழந்தை 5 கிலோவுக்குக் கீழே இருக்கும்வரை வழக்கமாக 2.5 மி.லி., அதைத் தாண்டினால் 5 மி.லி. எடை ஏற ஏற அளவு மாறுவதால், ஒவ்வொரு முறை போகும்போதும் எடை பார்த்து அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். உடம்பில் தடிப்பு வந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

"கிருமி இல்லை என்றுதான் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு மருந்து?" என்று பாட்டி கேட்பார். நியாயமான கேள்விதான். முதல் பரிசோதனை அன்றுவரையிலான நிலையை மட்டுமே சொல்லும். தாய்ப்பால் குடிக்கும்வரை தொற்றுக்கான வாய்ப்பு மிச்சமிருக்கிறது. அதனால்தான் 6, 12 மாதங்களிலும், தாய்ப்பால் நிறுத்தி 6 வாரம் கழித்தும் மறுபடி பார்க்கிறார்கள். தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் இரத்தத்தில் பல மாதம் தங்கியிருப்பதால், இறுதி முடிவை 18-ஆவது மாதத்தில்தான் சொல்ல முடியும். சிரப்பை நிறுத்துவது மையத்து மருத்துவரின் முடிவு, வீட்டில் எடுப்பதல்ல.

தாய்ப்பால் விஷயத்திலும் குழப்பம் வேண்டாம். தாய் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிட்டுக்கொண்டு முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கலாம்; கொடுப்பது நல்லதும்கூட. தாய்ப்பாலோடு டப்பா பால், சர்க்கரைத் தண்ணீர் என்று கலந்து கொடுப்பதுதான் தவறு. தடுப்பூசிகளும் தவறக் கூடாது. 6, 10, 14 வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியும், 6, 14 வாரங்களிலும் 9 மாதத்திலும் போடும் நியூமோகாக்கல் தடுப்பூசியும் இந்தக் குழந்தைகளுக்குக் கூடுதல் அவசியம். இரண்டும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

இவ்வளவும் செய்த பிறகும் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம். நம் வீடுகளில் முதலில் எழும் சொல் 'மாந்தம்' அல்லது 'தோஷம்'. உரைமருந்து கொடுத்து ஒரு நாள் பார்க்கலாம் என்பார்கள். இந்தக் குழந்தைக்கு அந்த ஒரு நாளைக் கொடுக்காதீர்கள். பால் குடிக்க மறுப்பது, தொட்டு எழுப்பினால்தான் அசைவது, வலிப்பு, உடம்பு சுடுவது அல்லது சில்லிட்டுப் போவது, மூச்சிழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி குழிவது என இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2011 ஜூன் 1 அன்று தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் முதலில் பிறந்து 30 நாள் வரையான குழந்தைகளுக்காக இருந்தது. பிறகு ஒரு வயது வரை விரிவாக்கப்பட்டது. நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, இரத்தம் எல்லாம் இலவசம். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும், அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கும், குணமானபின் வீட்டுக்கும் வண்டி இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மேலே அனுப்பும்போது, முதல் தவணை ஆன்டிபயாடிக்கை அங்கேயே கொடுத்துவிட்டு அனுப்புவதுதான் முறை. வண்டியில் ஏறும் முன் "முதல் ஊசி போட்டுவிட்டீர்களா?" என்று கேளுங்கள். போகும் இடத்தில் தாய்க்கு எச்.ஐ.வி. இருப்பதையும் குழந்தை சாப்பிடும் மருந்துகளையும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். சிகிச்சையைத் தீர்மானிக்க அது அவருக்குத் தேவை.

சொன்னால் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. அந்தப் பயத்திலேயே பலர் மறைத்துவிடுகிறார்கள், விலையைக் குழந்தை கொடுக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், இதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதைத் தடை செய்கிறது. உங்கள் ஒப்புதல் இல்லாமல் உங்கள் நிலையை வெளியில் சொல்வதையும் அது தடுக்கிறது. கட்டிலில் அட்டை மாட்டுவது, வார்டில் எல்லோர் காதிலும் விழச் சொல்வது எதற்கும் யாருக்கும் உரிமை இல்லை. மாநிலக் குறைதீர் அதிகாரியிடம் எழுத்திலோ வாய்மொழியாகவோ புகார் தரலாம். 30 நாளில் உத்தரவு வர வேண்டும். மருத்துவ அவசரம் என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்தில்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்கு அழையுங்கள். கட்டணம் கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை.