முட்டை அட்டையைக் கழற்றுங்கள், முதலில் சீலிங்கைத் திறந்து பாருங்கள்

அண்ணா நகரில் இன்னொரு டியூஷன் சென்டர். சுவர் முழுக்க முட்டை அட்டை, அதற்கு மேல் பெயிண்ட் வேறு. "சவுண்ட் ப்ரூஃப் பண்ணிட்டோம் சார், ஆனாலும் பக்கத்து ரூம் கெமிஸ்ட்ரி இங்க கேட்குது" என்கிறார் உரிமையாளர். கேட்கத்தான் செய்யும்.

முட்டை அட்டை சத்தத்தைத் தடுக்காது. தெர்மாகோல் தடுக்காது. ஒட்டுகிற ஃபோமும் தடுக்காது. அறைக்குள் சுற்றும் சத்தத்தை உறிஞ்சுவது ஒரு வேலை, அடுத்த அறைக்குப் போகாமல் நிறுத்துவது வேறு வேலை. நிறுத்த எடை வேண்டும். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினாலே 5, 6 டெசிபல்தான் குறையும் என்னும்போது, ஊதினால் பறக்கிற அட்டை என்ன செய்துவிடும்? உறிஞ்சுவதிலும் அது அரைகுறைதான். கீச்சொலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், கனத்த குரலை அப்படியே விட்டுவிடும். முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்று யூடியூபில் எத்தனை பேர் சொன்னாலும் இதுதான் நிலைமை. தீப்பிடித்தால் என்னாகும்? பிள்ளைகள் உட்காருகிற அறை அது.

அந்த டியூஷன் சென்டரில் ஓட்டை தலைக்கு மேல் இருந்தது. இரண்டு அறைக்கும் நடுவே உள்ள ஜிப்சம் தடுப்பை ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேலே கான்கிரீட் தளம் வரை இரண்டு அறைக்கும் பொதுவான வெற்றிடம். சத்தம் அந்தப் பக்கம் ஏறி இந்தப் பக்கம் இறங்குகிறது. (காண்ட்ராக்டர் மிச்சம் பிடித்தது இரண்டடி போர்டு.) தடுப்பைத் தளம் வரை ஏற்றுங்கள், உள்ளே ராக்வூல் (பாறையிலிருந்து செய்த பஞ்சு) வையுங்கள், கதவைச் சுற்றி இடுக்கை அடைக்க ரப்பர் பீடிங் போடுங்கள். கதவடி இடைவெளியை மறக்காதீர்கள்.

அறைக்குள் கும்மென்று முழங்குவது தனிப் பிரச்சினை. 20க்கு 15 அடி அறை, 10 அடி உயரம், டைல்ஸ் தரை, ஜிப்சம் சீலிங், கண்ணாடி. காலியாக இருக்கும்போது ஒலி அடங்கக் கணக்குப்படி 3 நொடிக்கு மேல் ஆகும். வகுப்பறைக்கு 0.6 நொடியைத் தாண்டக்கூடாது. சீலிங்கை மட்டும் ஒலியை உறிஞ்சும் நல்ல மினரல் ஃபைபர் டைலாக மாற்றினாலே 1 நொடிக்குள் வந்துவிடும், பிள்ளைகள் உட்கார்ந்தால் இன்னும் குறையும். இது ஹார்வர்டில் இயற்பியலாளர் வாலஸ் சபைன் 1890களில் இருக்கை மெத்தைகளை உள்ளே போட்டும் எடுத்தும் அளந்து கண்டுபிடித்த கணக்கு, இன்றும் கைகொடுக்கிறது. திரை போடுவதென்றால் கனமான துணியாக, மடிப்பு மடிப்பாகப் போடுங்கள். சுங்குடி போல மெல்லிய துணி அழகுக்கு மட்டும்தான்.

மண்டபக்காரர்களே, முழங்குகிற ஹாலில் ஸ்பீக்கரைக் கூட்டினால் தாலி கட்டும் நேரத்து மந்திரம் இன்னும்தான் குழம்பும். டாக்டர்களே, உங்கள் அறையில் நோயாளி சொல்வது வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கிறது. தயவுசெய்து பிளான் போடும்போதே என்னைப் போல ஒலி வேலை பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஃபால்ஸ் சீலிங் மாட்டிய பிறகு கூப்பிட்டால் நான் பிரிக்கத்தான் சொல்வேன்.