ஆட்டோமேட்டிக் காரை மேனுவலாக மாற்றலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து முழங்கால் வலித்துப்போய்த்தான் நம் பக்கத்தில் பலரும் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார்கள். சில வருஷம் கழித்து ஒருநாள் கியர் விழாது. ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டைப் பார்த்து மலைத்து நிற்கும்போது யாராவது சொல்வார்: "புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில மேனுவல் கியர்பாக்ஸ் எடுத்துப் போட்டுடலாம் சார்." தயவுசெய்து அதற்குச் சட்டென்று தலையாட்டாதீர்கள்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுதான் இங்கே முக்கியம். தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரத்துக்கும் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரத்துக்கும் முரண் வரும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது: அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இது வண்டியின் உரிமையாளருக்கான தண்டனை.

"ஆர்.சி.யில் கியர்பாக்ஸுக்குத் தனிக் கட்டமே இல்லையே?" என்று கேட்பார்கள். சரி, உங்கள் ஆர்.சி.யை எடுத்து மாடல் பெயரைப் படியுங்கள். பல கார்களில் பெயரின் கடைசியில் ஏ.எம்.டி., ஏ.டி., சி.வி.டி. என்று இருக்கும்; மூன்றுமே ஆட்டோமேட்டிக் கியர் வகைகள். காருக்குள் கிளட்ச் பெடல் முளைத்த அன்றே அந்த வரி பொய்யாகிவிடுகிறது. 15 வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போனால் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியை நேரில் பார்ப்பார்கள். அதற்கு முன்பே விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி க்ளெய்மில் கேள்வி எழுப்பலாம். எனக்கு அபராதத்தைவிட இதுதான் பெரிய பயம்.

வேலையும் சின்னது இல்லை. கியர்பாக்ஸோடு பெடல், ஃப்ளைவீல், கியர் லீவர், மவுன்ட், வயரிங் எல்லாம் மாற வேண்டும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு.வும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒன்று தவறினாலும் வண்டி ஸ்டார்ட்கூட ஆகாமல் போகலாம்.

அப்போ என்னதான் செய்வது? அதே வகை கியர்பாக்ஸை ரிப்பேர் செய்வதற்கோ, அதே வகையில் வேறொன்று போடுவதற்கோ தடையில்லை. ஏ.எம்.டி. கார் என்றால் உள்ளே இருப்பதே மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் காலுக்கும் கைக்கும் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற தானியங்கிக் கருவி இயக்குகிறது. கோளாறு ஆக்சுவேட்டரிலோ கிளட்ச் பிளேட்டிலோ மட்டும் இருக்கலாம். எஸ்டிமேட்டை மொத்தத் தொகையாக வாங்காமல், பாகம் பாகமாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

சட்டம் எல்லா மாற்றத்தையும் தடுக்கவில்லை. அங்கீகாரம் பெற்ற சி.என்.ஜி. கிட் பொருத்தலாம், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி வண்டியை அமைக்கலாம். இரண்டையும் ஆர்.டி.ஓ.விடம் காட்டி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

லைசென்ஸில் குழப்பம் வேண்டாம். நம் நாட்டில் இலகு ரக வாகன லைசென்ஸ் ஒன்றே இரண்டு வகைக் காருக்கும் போதும்.

அப்புறம், பழைய கார் வாங்குகிறவர்களுக்கு: ஆர்.சி. மாடல் பெயரைப் படித்துவிட்டு ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பாருங்கள். பெயரில் ஏ.எம்.டி., காலடியில் மூன்று பெடல் என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.