பழைய பிரெஞ்சுப் புத்தகத்துக்கு பைண்டிங் செய்தது யார்?

பாரிஸில் 18ஆம் நூற்றாண்டில் அச்சான ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் விற்றவர் பெயர் இருக்கும், கடை இருந்த தெருகூட இருக்கும். தோல் அட்டை போட்டு, அதில் தங்கப் பூவேலை செய்தவரின் பெயர் மட்டும் அநேகமாக இருக்காது. விதிவிலக்குகள் சில உண்டு. அரச பைண்டரான அன்துவான்-மிஷெல் பாதெலூப் (1685–1758), சொர்போன் சதுக்கத்தில் இருந்த தன் கடையின் முகவரியோடு ஒரு சின்னச் சீட்டைச் சில புத்தகங்களில் ஒட்டினார். மற்றவை எல்லாம் பெயரில்லாத வேலை. அவற்றைச் செய்த பட்டறையைக் கண்டுபிடிக்க, அட்டையில் பதிந்திருக்கும் பூவையும் கொடியையும்தான் விசாரிக்க வேண்டும்.

அந்தப் பூ எப்படிப் பதிகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். மரப்பிடி போட்ட பித்தளை முத்திரை ஒன்று. அதன் முனையில் ஒரு பூவோ இலையோ புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். தோலில் முட்டையின் வெள்ளைக்கருவைப் பூசிக் காயவிடுவார்கள். மேலே மெல்லிய எண்ணெய்ப் பசை, அதன்மேல் தங்க ரேக்கு. முத்திரையைச் சூடாக்கி, ஈரத்தில் தொட்டு, அது ‘சுர்’ என்று போடும் சத்தத்தை வைத்துச் சூட்டைக் கணிப்பார்கள். பிறகு ஒரே அழுத்து. சூடு பட்ட இடத்தில் மட்டும் வெள்ளைக்கருவின் புரதம் இறுகித் தங்கத்தைத் தோலோடு பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்து ரேக்கைத் துணியால் துடைத்தால் வந்துவிடும். சூடு குறைந்தால் தங்கம் ஒட்டாது, கூடினால் தோல் கருகும்.

நமக்கு முக்கியம் அந்த முத்திரை கையால் செதுக்கப்பட்டது என்பது. ஒரே செதுக்குநர் ஒரே மாதிரியை வைத்து இரண்டு மாதுளம்பூ செதுக்கினாலும், ஒன்றில் இதழ் கொஞ்சம் தடித்திருக்கும், இன்னொன்றில் காம்பு வளைந்திருக்கும். வருடக்கணக்கில் புழங்கும்போது விளிம்பு தேயும், கீழே விழுந்தால் முனை உடையும். அழகான முத்திரையைவிட அடிபட்ட முத்திரைதான் ஆராய்ச்சியாளருக்குப் பிடித்தது. இரண்டு புத்தகங்களில் ஒரே பூ, இரண்டிலும் அதே மூன்றாவது இதழில் அதே ஓட்டை என்றால் அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

ஒப்பிடுவதற்கு அட்டையின் மேல் மெல்லிய தாளை வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பார்கள்; இப்போது அளவுகோலை வைத்துப் புகைப்படமும் எடுக்கிறார்கள். அளவு மட்டும் போதாது. முத்திரையைச் சாய்த்து அழுத்தினால் ஒரு பக்கம் அகலமாகப் பதியும். வழவழப்பான கன்றுத் தோலில் துல்லியமாக விழும் கோடு, சொரசொரப்பான ஆட்டுத் தோலில் கொஞ்சம் பிசிறடிக்கும். தோலும் காலப்போக்கில் சுருங்கும். ஆகவே அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை வைத்து ‘இது வேறு’ என்று அடித்துச் சொல்லிவிடக் கூடாது.

ஓரப் பட்டைகளுக்குச் சக்கர முத்திரை உண்டு. அதைத் தோலில் உருட்டிக்கொண்டே போவார்கள். ஆணி குத்திய சைக்கிள் டயர் மண்பாதையில் ஓடினால், ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த வடு விழுமல்லவா, அதேபோல இதிலும் ஒரு கீறல் சம தூரத்தில் திரும்பத் திரும்ப வரும். சக்கரத்தின் குறுக்களவு 5 செ.மீ. என்றால் சுமார் 15.7 செ.மீ.க்கு ஒருமுறை. மாதிரி ஒரே போல் இருந்தும் இந்த இடைவெளி தெளிவாக மாறுபட்டால் சக்கரமே வேறு.

சரி, காலத்தை எப்படிக் கணிப்பது? அச்சான ஆண்டை அப்படியே நம்ப முடியாது. 1720இல் அச்சான புத்தகத்தை 1760இல் ஒருவர் பைண்டிங் செய்திருக்கலாம். இங்கே கை கொடுப்பது ‘அல்மனாக் ருவாயால்’ என்ற ஆண்டு விவர நூல். அரசு அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல் அடங்கிய அந்த நூல் புத்தாண்டுப் பரிசாகவும் போகும். வருடம் முடிந்தால் பழசு. எனவே அதற்கு அந்த ஆண்டை ஒட்டியே அட்டை போட்டிருப்பார்கள். ஒரு முத்திரை ஒரு வருட அல்மனாக்கில் முழுசாகவும் சில வருடம் கழித்து வந்ததில் உடைந்தும் இருந்தால், தேதி தெரியாத மற்ற புத்தகங்களை இந்த இரண்டுக்கும் முன்னே, நடுவே, பின்னே என்று வரிசைப்படுத்தலாம்.

இனி வம்பான பகுதி. இளைய தெரோம் என்று அறியப்பட்ட நிக்கோலா-தெனி தெரோம், லேஸ் துணி போன்ற தங்க ஓரங்களுக்குப் பேர்போனவர். அந்த ஓரத்தில் சிறகு விரித்த ஒரு சின்னப் பறவையையும் வைத்தார். போதாதா? பறவையைக் கண்டால் தெரோம் என்று எழுதுவது விற்பனையாளர்களுக்குப் பழக்கமாகிவிட்டது, விலையும் ஏறியது. ஆனால் பறவை முத்திரை மற்ற பட்டறைகளிலும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பழைய பாணியைப் போலச் செய்தவர்களும் பறவை வைத்தார்கள். பறவை இருக்கிறதா என்பதல்ல, எந்தப் பறவை என்பதே கேள்வி.

17ஆம் நூற்றாண்டிலும் இதே கதை. புள்ளி புள்ளியாகப் பதித்த பக்கவாட்டு மனிதத் தலை ஒன்று சில பாரிஸ் அட்டைகளில் வரும். நெடுங்காலம் அதை ‘லெ காஸ்கோன்’ என்ற புகழ்பெற்ற பைண்டரின் கையெழுத்தாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பிளோரிமோன் பாதியே என்பவர் தன் பெயரையே பொறித்த அட்டையிலும் அந்த மாதிரித் தலை இருக்கிறது. கூர்ந்து பார்த்ததில், தலைகளிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருப்பது தெரிந்தது.

அதனால் ஒற்றை முத்திரையை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. ஐந்தாறு முத்திரைகள் சேர்ந்து பல அட்டைகளில் திரும்ப வந்தால், அவற்றை ஒரு பட்டறையின் தொகுதி என்று வைத்துக்கொள்வார்கள். அந்தத் தொகுதியில் ஒரு புத்தகத்திலாவது சீட்டோ ரசீதோ கிடைத்தால் பெயர் வரும். அப்போதும் கவனம் வேண்டும். பட்டறைக்காரர் இறந்தால் முத்திரைகள் விதவைக்கோ மகனுக்கோ போகும், விலைக்கும் போகும். தோல் வேலை ஒருவர், தங்க வேலை இன்னொருவர் என்பதும் உண்டு. முத்திரை காட்டுவது தங்க வேலை செய்த பட்டறையைத்தான்.

இதே முறை போலிகளையும் பிடிக்கும். 19ஆம் நூற்றாண்டில் தியோதோர் ஹாகே என்ற பைண்டர், நிஜமான பழைய நூல்களுக்கு 16ஆம் நூற்றாண்டு அரசர்களின் அட்டைகள் போலவே செய்து போட்டார். லண்டன் சேகரிப்பாளர் ஒருவர் பெரும் பணம் கொடுத்து வாங்கிக் குவித்தார். கைத்திறனில் ஹாகேயைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இப்படிப்பட்ட வேலைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். பிரெஞ்சு மன்னருடையது என்ற அட்டையிலும் இத்தாலியக் கர்தினாலுடையது என்ற அட்டையிலும் ஒரே இலை, அதே நரம்பில் அதே முறிவு என்றால், இரண்டும் ஒரே மேசையில் உருவானவை.