நாக்-அவுட் ஆகாத தலையும் அடிபட்ட தலைதான்

குத்துச்சண்டை வீரர் முகமது அலி 61 போட்டிகளில் 5-ல்தான் தோற்றார். அவற்றில் பாதியில் நிறுத்தப்பட்டது ஒன்றே ஒன்று, 1980-ல் லாரி ஹோம்ஸுடன் மோதியது. நடுவர் பத்து எண்ணி முடியும்வரை அவர் தரையில் கிடந்ததே இல்லை, அதாவது அப்படி நாக்-அவுட் ஆனதே இல்லை. அவருக்குத்தான் 1984-ல், 42 வயதில், பார்க்கின்சன் நோய் (கை கால் நடுங்கி, அசைவு மெதுவாகும் மூளை நோய்) என்று தெரிந்தது. அவருடைய நோயில் அடிகளுக்கு எவ்வளவு பங்கு என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டால் அந்நோய்க்கான வாய்ப்பு கூடும்.

1974-ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில், அலி மேடைக் கயிற்றில் சாய்ந்துகொண்டு அப்போதைய உலக சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மேனை அடிக்கவிட்டு, 8-ஆம் ரவுண்டில் அவரை வீழ்த்தினார். பயிற்சியிலும் அப்படித்தான், கூட ஆடுபவர்களை அடிக்கவிட்டு வாங்கிக்கொள்வார். அந்த அடிகளுக்குக் கணக்கே இல்லை.

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் பாக்சிங் கற்கும் பிள்ளைகளுக்கும் போட்டியைவிட ஸ்பாரிங்கில்தான், அதாவது இருவர் மோதிப் பழகும் பயிற்சியில்தான், அதிகம் அடி விழுகிறது. ஹெட்கார்டு (தலைக்கவசம்) போட்டால் புருவம் கிழியாது, காது வீங்காது. மூளை குலுங்குவதை அது தடுக்காது. தாடையில் பக்கவாட்டாக ஒரு ஹூக் (கையை வளைத்து விடும் குத்து) விழுந்தால் மண்டையோடு சட்டென்று திரும்பும். உள்ளே மூளை ஒரு கணம் பிந்தி இழுபடும். அந்த இழுப்பில்தான் நரம்பிழைகள் சேதமாகின்றன.

"ஏனுங்க டாக்டர், ஸ்கேன்ல ஒண்ணுமில்லீன்னு வந்துருச்சுங்களே, நாளைக்கே கிளாசுக்கு அனுப்பலாமுங்களா?" என்று பெற்றோர் கேட்பார்கள். அனுப்பாதீங்க. சி.டி. ஸ்கேன் ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். மூளை அதிர்ச்சி அதில் பெரும்பாலும் தெரியாது.

அடிபட்டுத் தலை சுற்றினாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ, அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. முதல் 2 நாள் ஓய்வு. செல்போனைக் குறைக்க வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் வேண்டாம். பிறகு நடை, ஸ்கிப்பிங், ஷேடோ (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது), பேக் (தொங்கும் பையில் குத்துவது) என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் விட்டு ஏறலாம். தலைவலி கூடினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் ஸ்பாரிங் கூடாது. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம். சிறு வயதினருக்கு இந்த ஆபத்து அதிகம்.

திரும்பத் திரும்ப வாந்தி, தலைவலி ஏறிக்கொண்டே போவது, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு கண்மணி மட்டும் விரிவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிள்ளையைச் சேர்க்கும்போது கோச்சிடம் ஃபீஸ் கேட்பதற்கு முன்னால், வாரத்துக்கு எத்தனை ரவுண்டு ஸ்பாரிங், அதை எந்த நோட்டில் எழுதி வைக்கிறீர்கள் என்று கேளுங்கள்.