இருமல் நின்றுவிட்டால் கடலை போய்விட்டது என்று அர்த்தமில்லை

ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. மூன்று வாரமாக இருமல், இழுப்பு. இரண்டு ஆன்டிபயாடிக், தினமும் நெபுலைசர், ஒரு எக்ஸ்ரே எல்லாம் ஆகிவிட்டது. ‘பிரைமரி காம்ப்ளக்ஸா (குழந்தைகளுக்கு வரும் காசநோய்) இருக்கலாம், ஆறு மாசம் மருந்து சாப்பிடணும்’ என்று வேறு யாரோ சொல்லியிருந்தார்கள். ஸ்டெதஸ்கோப் வைத்தால் இடது பக்கம் மூச்சு நன்றாகக் கேட்கிறது, வலது பக்கம் பாதிகூட இல்லை. இருமல் தொடங்கிய அன்று சாப்பிடும்போது ஏதாவது புரையேறியதா என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. பாட்டிதான் கொஞ்சம் தயங்கி, “வேர்க்கடலை தின்னுக்கிட்டிருந்தா, ஒரு தடவை புரையேறுச்சு டாக்டர். தலையில தட்டி தண்ணி குடுத்தேன், சரியாப் போச்சே” என்றார்.

சரியாகப் போகவில்லை. மறுநாள் காலை, ஊறி உப்பிப்போன அரைப் பருப்பு ஒன்றை வலது நுரையீரலுக்குப் போகும் குழாயிலிருந்து எடுத்தோம்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் யாரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார். ஊர்தான் மாறும், கடலை மாறாது. கருவி செய்பவர்கள் கடலையைப் பிடிப்பதற்கென்றே தனியாக ஓர் இடுக்கி செய்து விற்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் ஊறிய கடலை மாவாக உதிர்ந்து, துண்டுகள் இன்னும் கீழே இறங்கிவிடும். குழந்தை மூச்சு விடும் அதே குழாய்க்குள்தான் நாங்கள் வேலை செய்கிறோம், மயக்க மருத்துவரும் அதே குழாய் வழியாகத்தான் மூச்சு கொடுக்கிறார். அந்தக் குழாயின் பருமன் ஏறக்குறைய அந்தக் குழந்தையின் சுண்டுவிரல் அளவு.

என்னை மிகவும் எரிச்சலூட்டுவது அந்த ‘சரியாப் போச்சே’தான். இருமல் நின்றது, குழந்தை சிரித்தது, விளையாடப் போனது. ஆகவே கடலையை விழுங்கிவிட்டது, நாளைக்கு மலத்தில் வந்துவிடும். எல்லா வீட்டிலும் இதே கணக்கு. தொண்டையில் இரண்டு வழி இருக்கிறது. உணவுக்குழாயில் போனது மலத்தில் வரும். மூச்சுக்குழாயில் போனதற்கு வயிற்றுக்குள் போக வழியே கிடையாது. குரல்வளையைத் தாண்டும் அந்த நேரத்தில்தான் பயங்கரமான இருமல் வரும். தாண்டி, கீழே ஒரு கிளைக்குழாயில் போய் உட்கார்ந்துவிட்டால் அந்த இடம் பழகிவிடும், இருமல் அடங்கிவிடும். குழந்தைக்கு இன்னொரு நுரையீரல் நன்றாக வேலை செய்வதால் பார்வைக்கு எதுவுமே தெரியாது. இந்த அமைதி சில மணி நேரமும் இருக்கலாம், சில வாரமும் இருக்கலாம். அதற்குள் கடலையிலுள்ள எண்ணெய் குழாயின் உள்சவ்வைப் புண்ணாக்கி வீங்க வைக்கும், சளி அடைக்கும், காய்ச்சல் வரும். அப்போது ஒரு டாக்டரிடம் போய் ‘சளி’ என்பீர்கள், அவரும் சளிக்கு மருந்து கொடுப்பார்.

‘எக்ஸ்ரே எடுத்தோமே, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க’ என்பது அடுத்தது. கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. நாணயம் தெரியும், ஊசி தெரியும். கடலை, புளியங்கொட்டை, சப்போட்டா விதை எதுவும் தெரியாது. அடைப்பினால் ஒரு பக்க நுரையீரல் உப்பியோ சுருங்கியோ இருந்தால் அதுதான் துப்பு, சில நேரம் அதுவும் இருக்காது. ஆகவே எக்ஸ்ரேயைவிட பாட்டியின் வாக்குமூலம் முக்கியம். தயவுசெய்து பாட்டியைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லமாட்டார்.

(இளம் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை: திடீரென்று ஆரம்பித்த இருமல், ஒரு பக்கம் மட்டும் வீசிங், மருந்து கொடுத்தும் விடாத நிமோனியா என்றால், நெபுலைசரைக் கையில் எடுப்பதற்கு முன் ‘சாப்பிடும்போது புரையேறியதா’ என்ற கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.)

சரி, எதைக் கொடுக்கக் கூடாது? முழுக் கடலை, முந்திரி, பாதாம் எதுவும் நாலு வயது முடியும்வரை வேண்டாம். பிரிட்டனில் ஐந்து வயது என்கிறார்கள், அதுவரை தள்ளினால் இன்னும் நல்லது. சின்னக் குழந்தைக்கு முன்பல்லால் கடித்து உடைக்க மட்டும்தான் தெரியும். அரைக்கும் கடைவாய்ப் பற்கள் முழுதாக வர இரண்டரை வயதாவது ஆகும், வந்த பிறகும் மென்று பழகக் காலம் வேண்டும். நவராத்திரிச் சுண்டல், கிருஷ்ண ஜெயந்தி உப்புச் சீடை, மிக்சரில் கிடக்கும் பொட்டுக்கடலை, பாயச முந்திரி, பாப்கார்ன், கமர்கட்டு, தேங்காய்ப் பத்தை, பச்சைக் கேரட் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். சீத்தாப்பழம், சப்போட்டா, நாவல்பழம் என்றால் விதையெடுத்து மசித்துக் கொடுங்கள். திராட்சையை முழுதாகக் கொடுக்கவே கூடாது. நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். குறுக்கே பாதியாக வெட்டினால் அதுவும் வட்டம்தான், குழாயை மூடி போட்டாற்போல் அடைக்கும்.

கடலையே கெட்டது என்று சொல்லவில்லை. அருமையான புரதம். வறுத்துப் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுங்கள், சுண்டலை விரலால் நசுக்கிக் கொடுங்கள், கேரட்டை வேகவையுங்கள். பிடிவாதம் பிடித்து அழும் குழந்தையின் வாயைத் திறந்து திணிக்காதீர்கள். அழுகைக்கு நடுவே இழுக்கும் மூச்சு எல்லாவற்றையும் உள்ளே இழுக்கும். ஓடவிட்டுத் துரத்தித் துரத்தி ஊட்டாதீர்கள். மடியில் பேரனை வைத்துக்கொண்டு கடலை கொறிக்கும் தாத்தாக்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். வீட்டில் மூத்தது ஒன்று இருந்தால் அதற்கும் சொல்லி வையுங்கள். தம்பிக்குப் பங்கு கொடுக்கிற நல்ல மனசுதான் பல நேரம் எங்களிடம் கொண்டுவந்து விடுகிறது.

இதைப் படித்துவிட்டு இரண்டு வயதுப் பிள்ளைக்கும் எல்லாவற்றையும் மிக்சியில் அடித்துக் கொடுக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அதுவும் தப்பு. மெல்லுவதற்குக் கொடுக்காமல் குழந்தை மென்று தின்னக் கற்றுக்கொள்ளாது. கட்டி வந்ததும் குழந்தை ‘உவ்வே’ என்று ஓங்கரிப்பது இயல்பு. சத்தம் வரும், முகம் சிவக்கும், தானே தள்ளிவிடும். பயப்பட வேண்டியது சத்தமே இல்லாத அடைப்பைப் பார்த்துத்தான்.

இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். அதைவிடச் சிறந்த வைத்தியம் அந்த நிமிடத்தில் கிடையாது. தண்ணீர், வாழைப்பழம், சோற்று உருண்டை எதுவும் வேண்டாம். விரலை விட்டுத் துழாவ வேண்டாம். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடவும் வேண்டாம். அழவும் முடியவில்லை, இருமவும் முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் உடனே செயலில் இறங்குங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புற, தலை தாழ்வாக இருக்கும்படி கிடத்தி, தலையைத் தாங்கிக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. பிறகு திருப்பி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 அழுத்து. ஒரு வயதுக்கு மேல் என்றால் முன்னால் குனியவைத்து முதுகில் 5 தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 அழுத்து. வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். கைக்குழந்தைக்கு வயிற்றில் அழுத்தவே கூடாது. இன்னொருவர் 108-க்கு அழைக்கட்டும். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போடுங்கள். நினைவு தப்பிவிட்டால் தரையில் படுக்கவைத்து சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, வாய்வழி மூச்சு கொடுக்கும் முதலுதவி) தொடங்க வேண்டும். அதைச் செய்துபார்த்துத்தான் பழக முடியும், பயிற்சி நடக்கும் இடத்தை விசாரித்து ஒரு நாள் போய்விட்டு வாருங்கள்.

எல்லாம் அடங்கி, குழந்தை சிரித்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்குப் புரையேறியது என்று சொல்லுங்கள். அதே பண்டத்தில் கொஞ்சம் கையோடு கொண்டுவந்தால் இன்னும் நல்லது. வரும் வழியில் அழுகிறதே என்று பாலோ பிஸ்கட்டோ கொடுத்துவிடாதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.