பியூரெட் சரி, விடை மட்டும் இரட்டிப்பு: அமிலச் செறிவுக் கணக்கில் நடக்கும் தவறு

20 மி.லி. கந்தக அமிலத்தை 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரத்தால் தரம்பார்க்கிறோம், அதாவது காரத்தைத் துளித்துளியாக விட்டு அமிலத்தின் செறிவைக் கண்டுபிடிக்கிறோம். பியூரெட் என்னும் அளவுக் குழாயிலிருந்து மூன்று முறையும் 18.4 மி.லி. காரம் செலவாகிறது. கைவேலை சுத்தம். ஆனால் நோட்டில் விடை 0.092 மோலார் என்று ஏறிவிடுகிறது. சரியான விடை 0.046.

இருபுறமும் கனஅளவையும் செறிவையும் பெருக்கிச் சமன் போடும் சூத்திரம் நார்மாலிட்டிக்கு (லிட்டரில் எத்தனை கிராம் சமானம் என்ற அளவு) அப்படியே பொருந்தும். 0.092 நார்மல் என்று எழுதியிருந்தால் தவறே இல்லை. மோலாரிட்டி (லிட்டரில் எத்தனை மோல்) என்றால் வேதிச் சமன்பாட்டைப் பார்த்தாக வேண்டும். சூத்திரத்தை ஓரம் கட்டிவிட்டு மோல்களை எண்ணுவதே எனக்குப் பிடித்த வழி: 18.4 × 0.1 = 1.84 மில்லிமோல் காரம். கந்தக அமிலம் ஒன்றுக்குக் காரம் இரண்டு, ஆகவே அமிலம் 0.92 மில்லிமோல். அதை 20ஆல் வகுத்தால் 0.046.

அந்த 0.1 மோலாரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். 4 கிராம் நிறுத்து 1 லிட்டராக்கினாலும் செறிவு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஆக்சாலிக் அமிலப் படிகம் 1.576 கிராமை 250 மி.லி. ஆக்கினால் 0.05 மோலார், காரத்தை முதலில் இதனோடு தரம்பார்க்க வேண்டும். படிகத்துக்குள்ளேயே இருக்கும் நீரை மறந்து, மூலக்கூறு எடை 126க்குப் பதில் 90 என்று போட்டால் அடித்தளமே சாய்ந்துவிடும்.

பியூரெட் முனையில் நிற்கும் காற்றுக் குமிழியைப் பலர் கவனிப்பதில்லை. நடுவில் அது வெளியேறி 0.4 மி.லி. கூடுதலாகக் காட்டினால், 18.4இல் ஏறத்தாழ 2 சதவீதம் போச்சு. தொடங்கும் முன் குழாயை முழுதாகத் திறந்து வேகமாக ஓடவிட்டால் குமிழி போய்விடும். மேலே புனலையும் எடுத்துவிடுங்கள். அதிலிருந்து சொட்டும் துளி அளவைக் கெடுக்கும்.

பியூரெட்டையும் பிப்பெட்டையும் (அமிலத்தை 20 மி.லி. அளந்து எடுக்கும் குழாய்) அதனதன் கரைசலால் அலச வேண்டும். கூம்புக் குடுவைக்கு வாலை வடிநீர் மட்டும். குடுவையை அமிலத்தால் அலசினால் கணக்கில் வராத அமிலம் உள்ளே தங்கிவிடும். நீர் தங்கினால் கவலை இல்லை, மோல் எண்ணிக்கை மாறாது.

அசிட்டிக் அமிலம் போன்ற வீரியம் குறைந்த அமிலத்துக்கு, முடிவை நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டியாக பினாப்தலீன்தான். மெத்தில் ஆரஞ்சு போட்டால் நிறம் சமான நிலைக்கு (அமிலமும் காரமும் சரியாக ஈடாகும் புள்ளி) வெகு முன்பே, அதுவும் இழுத்து இழுத்து மாறும். செறிவு குறைவாக வரும். பினாப்தலீனில் வெளிர் இளஞ்சிவப்பு 30 விநாடி நின்றால் போதும். பிறகு மங்கினால் காற்றின் கார்பன் டைஆக்சைடு வேலை அது; இன்னொரு துளி விடாதீர்கள்.